நாப்பத்தொண்ணு அக்காவும் நகரசபையும்

அந்தப் பெரிய வீட்டில் நாற்பத்தோரு அறைகள். அக்கா ஒரு நாளைக்கு ஓர் அறை என்று பெருக்கி, துடைத்து, தட்டி, அடுக்கி முடிப்பார். நாற்பத்தோராம் நாள் கடைசி அறை. மறுநாள் மறுபடியும் முதல் அறை. இருபத்தாறு வருடமாக இதே சுற்று. அதனால் தெருவில் அவருக்கு ‘நாப்பத்தொண்ணு அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் நாப்பத்தொண்ணு. அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலை செய்து செய்து அவருடைய காலண்டரே அப்படி ஆகிவிட்டது. கிழமை, தேதி எதுவும் அவர் மண்டையில் தங்காது. “பல்வலி எப்போ ஆரம்பிச்சுது?” என்று டாக்டர் கேட்டால், “மாடி வராந்தா அன்னிக்கு, டாக்டர்” என்பார். மகள் பிறந்தது நூலக அறை நாளில். அந்தக் கணக்குப்படி அந்தப் பெண்ணுக்கு வருடத்தில் எட்டோ ஒன்பதோ பிறந்தநாள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கேக் உண்டு. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கும் அந்த மகள், ஒரு தடவைகூட ‘கணக்கு தப்பும்மா’ என்று சொன்னதாகத் தகவல் இல்லை.

கணவராவது திருத்தியிருக்கலாம். அவர் டவுன் பஸ் டிரைவர். எட்டு மணி பதினேழு நிமிஷத்துக்கு பஸ்ஸை எடுக்க வேண்டும் என்றால் பதினெட்டாகாது. ஆனால் அவருக்கு வார விடுமுறை சுழற்சியில் வரும். ஒரு வாரம் செவ்வாய், ஒரு வாரம் சனி. ஆகவே அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எந்தக் காலத்திலும் கால் வைத்ததில்லை. “இன்னிக்கு என்ன அறை?” என்று அவர் கேட்பார். “கண்ணாடி அறை” என்று பதில் வரும். “அப்போ சீக்கிரம் வந்துடறேன், கண்ணாடி அறைன்னா நீ கோவமா இருப்ப” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அத்தனை கண்ணாடியைத் துடைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அக்காவுக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருந்தது. ஈரத் தரையில் கால் வைத்தவன் யாராக இருந்தாலும் அவ்வளவுதான். ஒரு முறை தீயணைப்பு வண்டிக்காரர்களையே வாசலில் நிறுத்தி, “எங்க எரியுதுன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் செருப்பைக் கழட்டுங்க” என்று கேட்டவர். எரிந்தது பக்கத்துத் தெருவில். அவர்கள் விலாசம் மாறி வந்திருந்தார்கள்.

அவர் அந்த வீட்டுக்கு வேலை கேட்டு வந்தபோது வயது முப்பத்தொன்று. வயிற்றில் பிள்ளை, கையில் ஒரு பெட்டி, பின்னால் புதிதாக வேலையில் சேர்ந்த பஸ் டிரைவர். வீட்டுக்காரி ஒரு பெரிய மனுஷி. ஊரே அவரை மேடம் என்றுதான் சொல்லும். கல்யாணம் ஆகாதவர், தனி ஆள், நாக்கில் கத்தி. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போய், நூறு வருடத்து வீடு தூசியில் மூழ்கிக் கிடந்த நேரம் அது. “இந்த வீட்டைச் சுத்தம் பண்ண எத்தனை ஆள் வேணும்னு நெனைக்கிற?” என்று மேடம் கேட்டார். அக்கா மேலும் கீழும் பார்த்தார். “ஒரு ஆள் போதும் மேடம். நாள்தான் நெறைய வேணும்.” அன்றைக்கே வேலை கிடைத்தது. பின்பக்கத்தில் இரண்டு சின்ன அறைகளும் குடியிருக்கக் கிடைத்தன.

எல்லா அறையும் அக்காவுக்கு அடங்கியது, ஒன்றைத் தவிர. கீழே இருந்த பெரிய கூடம். மரத்தரை, அதன்மேல் கூடம் நிறைய ஒரு கம்பளம். அந்தக் கம்பளத்தைச் சுருட்டித் தூக்கவே எட்டு ஆள் வேண்டும். தரைக்கு மெழுகு பூசி முட்டிபோட்டுத் தேய்த்தால் நாலு நாள் பிடிக்கும். சில வருடம், கூலிக்கு ஆள் பிடித்துக் கம்பளத்தைத் தூக்கி, மற்ற அறை வேலை முடிந்த சாயங்காலங்களில் அப்படித்தான் தேய்த்தார். அப்புறம் முட்டி ‘இனி என்னால் ஆகாது’ என்று சொல்லிவிட்டது.

ஒரு கூடம் நாளில் கூலிக்கும் ஆள் கிடைக்காமல் எதிர்வீட்டு டெய்லரையும் அவர் சம்சாரத்தையும் பேக்கரிக்காரரையும் அவர்களுக்குத் தெரிந்தவர்களையும் கம்பளம் தூக்கக் கூப்பிட்டார். கூடவே பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வெறும் காலோடு மெழுகில் நடக்கக் கூடாதே என்று அக்கா பழைய கம்பளிப் போர்வையைக் கிழித்து ஆளுக்கு இரண்டு துண்டு காலில் கட்டிவிட்டார். பிள்ளைகள் சும்மா இருக்குமா? இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே வழுக்கல். அவர்கள் வழுக்கிய இடமெல்லாம் தரை பளபளவென்று மின்னியது. அதைப் பார்த்த டெய்லர் ஒரு தடவை வழுக்கினார். பேக்கரிக்காரர் வழுக்கினார். நாலு நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடியும் போலிருந்தது. அப்போது மாடிப்படியில் மேடம் நிற்பதை அக்கா பார்த்தார். இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தார்.

“பாட்டு இல்லாம ஆடறீங்களே, அறிவிருக்கா?” என்றார் மேடம்.

அன்று முதல் ரெக்கார்டு பிளேயர் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நாற்பத்தோரு நாளுக்கு ஒரு தடவை, கூடம் நாள் வந்தால், தெருவில் கடை திறக்கும் நேரமான பதினோரு மணி வரை பாதித் தெரு அந்தக் கூடத்தில்தான். பதினைந்து வருடம் இது நடந்தது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. மேடம் பார்ட்டி வைக்கமாட்டார், யாரையும் சேர்க்கமாட்டார் என்றுதான் ஊர் பேசிக்கொண்டது. பேசட்டும் என்று மேடம் விட்டுவிட்டார்.

மேடம் எண்பத்தெட்டு வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பத்தாவது நாள் வக்கீல் வந்து உயிலைப் படித்தார். வீடும் தோட்டமும் ஊருக்கு. ஆறு மாதத்துக்குள் நகரசபை ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்று தீர்மானம் போட வேண்டும். போடாவிட்டால் வீடு மேடத்தின் அண்ணன் மகனுக்கு. அண்ணன் மகன் துக்கம் விசாரிக்க வந்தபோதே பதினோரு மாடிக் கட்டடத்தின் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டுதான் வந்தான். நல்ல பையன், மறைக்கவில்லை.

உயிலில் அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் அக்காவுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆச்சரியம் இல்லை. மேடமே ஒரு நாள் சொல்லியிருந்தார்: “வீட்டை எழுதி வைக்கலாம், மேஜையை எழுதி வைக்கலாம். உன்னை எழுதி வைக்க நீ என்ன அலமாரியா? உனக்கு வேணுங்கறத நீயே வாய் திறந்து கேட்டு வாங்கிக்க.” ஊரே பார்த்து நடுங்கும் அக்காவுக்குத் தனக்காக என்று கேட்கத்தான் வாய் வராது. அது மேடத்துக்கும் தெரிந்திருக்கும்.

நகரசபையில் விஷயம் முதல் முறை வந்த நாள், அக்கா பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார். பெரிய மீசை வைத்த ஒரு கவுன்சிலர் எழுந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வார்டுக்காரர். “எங்க வார்டு பள்ளிக்கூடத்துல மழை பெஞ்சா பிள்ளைங்க குடை பிடிச்சுக்கிட்டுப் பாடம் படிக்குது. ஒரே ஒரு பணக்காரம்மா, நாற்பத்தோரு அறையில தனியா வாழ்ந்தாங்க. அந்தக் கூரைக்கு நாம ஏன் ஓடு மாத்தணும்? அந்த வீட்டுக்குள்ள இந்த ஊர்க்காரன் எவனாவது கால் வச்சிருக்கானா?” என்று கேட்டார்.

அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அவர் பேசியது தப்பாக இருந்தால் திட்டலாம். பள்ளிக்கூடத்து விஷயத்தில் அந்த மனுஷன் சொன்னது சரியாக அல்லவா இருக்கிறது! வீட்டுக்கு வந்து டிரைவரிடம், “மீசைக்காரர் பேசினதுல தப்பே இல்லைங்க, அதான் எனக்கு வயித்தெரிச்சல்” என்றார். டிரைவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பிறகு நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. இம்மாதம் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஐந்து கவுன்சிலர்களும் கட்டடப் பிரிவு அதிகாரியும் வீட்டைப் பார்வையிட வருவார்கள். அக்கா உடனே விரல் மடக்கி எண்ணினார். நாளைக்குப் பதினோராம் அறை. கூடம் வருவது பதினேழாம் தேதி. அவர்கள் வருவது மறுநாள். அடடா, சொல்லி வைத்த மாதிரி! புதிதாகத் தேய்த்த தரை கண்ணாடி போல இருக்கும். தேதியை அத்தோடு மறந்துவிட்டு, ‘கூடத்துக்கு மறுநாள்’ என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். டிரைவரிடமும் அப்படித்தான் சொன்னார். தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெருவுக்குத் தெரிந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லி உயிரை வாங்குவார்கள்.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தப்பு.

பன்னிரண்டாம் அறை மேடத்தின் படுக்கை அறை. மேடம் போன பிறகு அந்த அறை வருவது அது மூன்றாவது தடவை. அக்கா தூசி தட்டினார், ஜன்னலைத் துடைத்தார், யாரும் படுக்காத படுக்கைக்குத் துவைத்த விரிப்பை விரித்தார். சீப்பை எடுத்து ஒரு வெள்ளை முடியைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் அப்படியே வைத்தார். மறுநாள் காலை வாளியும் துணியுமாக வந்தவரின் கால் தானாக அதே அறைக்குப் போனது. மறுபடியும் தூசி தட்டினார், ஜன்னலைத் துடைத்தார், நேற்று விரித்த விரிப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை விரித்தார். இரண்டாவது நாள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அன்றிலிருந்து அவர் காலண்டர் உலகத்தைவிட ஒரு நாள் பின்னால் ஓடியது.

ஆகவே பதினெட்டாம் தேதி காலை, அக்காவின் கணக்கில் கூடம் நாள்.

எட்டரை மணிக்கெல்லாம் தெரு வந்துவிட்டது. கம்பளம் தோட்டத்துக்குப் போனது. மெழுகு பூசியாயிற்று. ஆளாளுக்குக் காலில் கம்பளித் துண்டு. மேடம் இல்லாமல் பாட்டுப் போட வேண்டுமா என்று அக்கா தயங்கினார். “போடலேன்னா மேல இருந்து திட்டுவாங்க அக்கா” என்றார் டெய்லர் சம்சாரம். போட்டார்கள். பத்து மணிக்குக் கூடம் அமர்க்களமாக இருந்தது. பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் போனார். முடி திருத்துபவர் அவருடைய மாமியாரைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இருவருக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை, வழுக்கும்போது மட்டும் விதிவிலக்கு. அக்கா படிக்கட்டின் நடுவில் நின்று, “அந்த மூலை! அந்த மூலையை யாரு தேய்க்கறது? நடுவுலயே சுத்தாதீங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த டெய்லர் வழுக்கிக்கொண்டே போய்த் திறந்தார். வாசலில் ஆறு பேர். முன்னால் ஓர் அம்மா, கையில் அளவு நாடா. டெய்லருக்கு முகம் மலர்ந்தது. “வாங்க, வாங்க! நம்ம தொழிலா? எந்தத் தெருக் கடை?”

“நான் கட்டடப் பிரிவு அதிகாரி” என்றார் அந்த அம்மா.

பாட்டுச் சத்தத்தில் டெய்லர் அதைக் காதில் வாங்கவில்லை. கூடம் நாளில் தெருக்காரர் யாராவது எப்போதாவது ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு வருவது உண்டு. அவர் சம்சாரம் அதற்குள் கம்பளித் துண்டுகளோடு வந்து குந்தியாயிற்று. “காலைக் காட்டுங்கண்ணே” என்றார், எதிரில் நின்ற பெரிய மீசையிடம்.

“அம்மா, நான் கவுன்சிலர்.”

“இருக்கட்டும்ண்ணே. கவுன்சிலருக்கும் ரெண்டு கால்தானே? துணி கட்டாம யாரும் தரையில வரக் கூடாது. எங்க அக்கா பாத்தா தொலைச்சிடுவாங்க.”

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி அம்மா முதலில் காலை நீட்டினார். மற்றவர்களும் நீட்டினார்கள். எந்த அறைக்குப் போவதென்றாலும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. டெய்லர் மீசைக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “காலைத் தூக்காதீங்க, இழுங்க... இழுங்க... அப்படித்தான்!” என்று கூட்டிக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில்தான் அக்கா திரும்பிப் பார்த்தார்.

அந்த மீசையை அவருக்கு நன்றாகத் தெரியும். ஓடி இறங்கி வந்தார். பாட்டை நிறுத்தினார். கூடம் அமைதியானது. வழுக்க ஆரம்பித்தவர்கள் மட்டும் நிறுத்த முடியாமல் சுவர் வரைக்கும் போய் முட்டி நின்றார்கள்.

“இன்னிக்கு என்ன தேதி?” என்று அக்கா கேட்டார்.

“பதினெட்டு” என்றார் அதிகாரி அம்மா.

அக்கா விரல் மடக்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை. பன்னிரண்டில் வந்து விரல் நின்றது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “மேடம் ரூம்ல ரெண்டு நாள் இருந்துட்டேன் போலிருக்கு” என்றார். யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்கு மறைக்கத் தெரியாது. அறைக்கணக்கையும், சீப்பையும், மாற்றி மாற்றி விரித்த விரிப்பையும் அந்த அந்நியர்களிடம் அப்படியே சொல்லிவிட்டார். சொல்லும்போது கண்ணில் நீர் முட்டியது. “வீடு அமைதியா, மரியாதையா இருக்கறப்போ நீங்க பாக்கணும்னு நெனைச்சேங்க. இப்படிச் சந்தைக்கடையா இருக்கறப்போ வந்துட்டீங்க. எல்லாம் என் தப்பு. வீட்டு மேல தப்பில்லை.”

அதிகாரி அம்மா நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டார். “சரி, அறைங்களைப் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்.

பார்த்தார்கள். அறை அறையாக, காலில் துணியோடு. மாடியில் மீசைக்காரர் கேட்டார். “கூரை ஒழுகுமா?”

“ஒழுகும்” என்றார் அக்கா.

“எத்தனை இடத்துல?”

“நாலு. சாய்ஞ்ச மழைன்னா அஞ்சு.”

அதிகாரி அம்மா எழுதிக்கொண்டார். பின்னாலேயே வந்த டெய்லர் தலையில் அடித்துக்கொண்டார். “அக்கா, நாலோடயாவது நிறுத்தியிருக்கலாமில்ல?” என்று காதோடு சொன்னார். “பாத்திரம் வைக்கறவ நானு. எனக்குத் தெரியாதா எத்தனைன்னு?” என்றார் அக்கா.

திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் கலைந்து போகவில்லை. தரையைப் பாதியில் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று நின்றுகொண்டிருந்தார்கள். மீசைக்காரர் பேக்கரிக்காரரிடம் போனார். “உங்களுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?”

பேக்கரிக்காரர் யோசித்தார். “சம்பந்தமா? பதினஞ்சு வருஷமா தேய்க்கறேன். அதான் சம்பந்தம்.”

“எதுக்குத் தேய்க்கறீங்க?”

“சும்மா ஒரு தடவை போய்ட்டு வாங்க, தெரியும்.”

வாசலுக்குப் போக மீசைக்காரர் கூடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. டெய்லர் கையைப் பிடிக்க வந்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அந்த மனுஷன் தனியாகவே போனார். கொஞ்சம் வேகமாகவே போனார். வாசல் நேராக இருக்க, அவர் எதற்கோ அந்தத் தேய்க்காத மூலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார் என்று பேக்கரிக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது இரண்டு வாரம் கழித்து. அந்த இரண்டு வாரமும் அக்கா வேலையை விடவில்லை. ஆனால் சமையலில் உப்பு இருக்கும் அல்லது இருக்காது. அந்த இரண்டு சின்ன அறையை விட்டால் தனக்கும் டிரைவருக்கும் போக்கிடம் ஏது? அதைவிட, காலையில் எழுந்து எந்த அறைக்குப் போவது? இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம்.

வாக்கெடுப்பு நாளில் தெருவே பார்வையாளர் வரிசையில் இருந்தது. டிரைவருக்கு மட்டும் டியூட்டி. மீசைக்காரர் எழுந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“போன தடவை நான் ஒரு கேள்வி கேட்டேன். இந்த ஊர்க்காரன் எவனாவது அந்த வீட்டுல கால் வச்சிருக்கானான்னு. அதுக்குப் பதில் கிடைச்சுது. நானே வச்சுட்டு வந்தேன்.” சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “என் மறுப்பு அப்படியேதான் இருக்கு. முதல்ல எங்க பள்ளிக்கூடத்துக் கூரை, அப்புறம்தான் அந்த வீட்டுக் கூரை. இதைத் தீர்மானத்துல எழுதுங்க. எங்க கூரை வேலை முடியற வரைக்கும் மழை நாள்ல எங்க பிள்ளைங்க அந்தக் கூடத்துல படிக்கணும். எழுதுங்க. வீட்டைக் கயிறு கட்டி வேடிக்கைப் பொருளா வைக்கக் கூடாது. எழுதுங்க. அப்புறம், அந்த வீட்டுல எத்தனை இடம் ஒழுகுதுன்னு கேட்டதும் அஞ்சுன்னு உண்மையைச் சொன்ன ஒரே ஒரு ஆள் இருக்காங்க. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் இருக்கற இடத்துலயே இருக்கணும், வீடு அவங்க பொறுப்புல இருக்கணும். இதெல்லாம் எழுதினா நான் கை தூக்கறேன்.”

நகரசபைத் தலைவர் பார்வையாளர் பக்கம் திரும்பினார். “அந்த அம்மா வந்திருக்காங்களா? அவங்களுக்குச் சம்மதமா?”

தெருவே அக்காவை இடித்தது. எழுந்து நின்றார். ஊருக்காகப் பேசச் சொன்னால் பேசிவிடுவார், இது தனக்காக. இரண்டு கையாலும் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு அங்கேயே இருக்கணும்ங்க” என்றார். “எனக்கு வேணும்.”

இருபத்து மூன்று பேரில் பதினாலு பேர் கை தூக்கினார்கள். தலைவர் மணியடித்து அமைதி கேட்டார், யாரும் சட்டை செய்யவில்லை. முடி திருத்துபவர் தவறிப்போய் மாமியாரைக் கட்டிப்பிடித்துவிட்டார். அதிகாரி அம்மா கீழேயிருந்து அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்.

வெளியே வந்தபோது டிரைவரின் பஸ் நிறுத்தத்துக்கு வந்துகொண்டிருந்தது. தெரு முழுவதும் அதில் ஏறியது. அக்கா முன் படியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். சொல்ல வாய் திறந்தார். வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அவர் முகம் இறுகிப்போனது.

“அழாத. போனாப் போகட்டும்” என்றார் ரோட்டைப் பார்த்தபடியே. “நான் ஏற்கெனவே வேற இடம் பாத்து வச்சிருக்கேன். டெப்போ பக்கத்துல, மாடியில. ஒரே அறைதான். நீ நொந்துபோவேன்னு சொல்லல. ஒண்ணாம் தேதி வர்றோம்னு வீட்டுக்காரர்கிட்ட வாக்கு கொடுத்திருக்கேன்.”

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. “என்னது? எனக்குத் தெரியாம வீடு பாத்தீங்களா? அப்போ கெடைக்காதுன்னே முடிவு பண்ணிட்டீங்க?”

“கிடைச்சிருச்சா?”

“கிடைச்சிருச்சுய்யா!” என்று பஸ்ஸே கத்தியது.

பஸ் நிறுத்தத்திலேயே நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக டிரைவர் நேரம் தப்பினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் சிரித்தாரா அழுதாரா என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். கொடுத்த வாக்கை உடனே திருப்பிச் சொல்லாவிட்டால் அவருக்கு வண்டி ஓடாது.

“அண்ணே, மன்னிக்கணும். அந்த அறை எங்களுக்கு வேண்டாம்... இல்லைண்ணே, உங்க அறையில குறை ஒண்ணுமில்லை. நாங்க இருக்கற வீட்டுலயே இருக்கப் போறோம்... அதான், அந்தப் பெரிய வீடு.” அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். டிரைவர் திகைத்து அக்காவைப் பார்த்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, “யாரோட வீடு இப்போ அதுன்னு கேக்கறாரு” என்றார்.

அக்கா போனைப் பிடுங்கினார். “எங்களோடதுங்க” என்றார். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். “உங்களோடதும்தான். நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே?”